சோழவரத்துப் பல்லும் செட்டிபாளையத்து வளைவும்

வண்டி ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி350-இன் இந்தியப் பதிப்பு: 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இலிருந்து சில வருடங்கள் தயாரித்தது. ஹை டார்க் என்று 30.5 குதிரைத்திறனில் ஒன்று, லோ டார்க் என்று 27 குதிரைத்திறனில் ஒன்று. என்னிடம் இருப்பது முதல் வகை. சென்னையில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். விளக்கு, இண்டிகேட்டர், பெட்டி, பின்சீட் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரம் பந்தயத் தடத்தில் ஓட்டிய வண்டி. எக்ஸ்பான்ஷன் சேம்பர் (பந்தய டூ-ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த புகைக்குழல்) இரண்டும் துரு பிடித்திருந்தாலும் ஓட்டை இல்லை.

இன்ஜின் வேலையெல்லாம் இந்தப் பதிவில் இல்லை. போர் ஏற்றியது, கிராங்க் திரும்ப அழுத்தி செட் பண்ணியது, அதற்கு ஆன செலவு, வீட்டில் கேட்ட பேச்சு, அதெல்லாம் வேறு கதை. இது செயின் ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடும் பல் சக்கரம் பற்றியது மட்டும்.

இன்ஜின் தயாரானதும் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு பயிற்சி நாளில் இறக்கினேன். பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் உள்ள 2.1 கிலோமீட்டர் தடம். வண்டி இருந்த இருப்பு ஏமாற்றமாக இருந்தது. குறுகலான ஹேர்பின் வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே வந்தால் ‘பூ...’ என்று ஒரு முனகல். ஒரு, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிய பிறகுதான் உயிர் வரும். நேர்ப்பாதையில் ஆறாவது கியர் போட்டால் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 6300-இல் நின்றுவிடும். ஐந்தாவதிலேயே வைத்திருந்தால் 7100 வரை போனது. ஆறாவதை விட ஐந்தாவதில் வேகம் அதிகம்! கார்புரேட்டர்தான் காரணம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிளக் நிறம் சரியாகத்தான் இருந்தது, அதாவது கார்புரேட்டரில் குறை இல்லை.

கோவை கணபதி பகுதியில் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இத யாரு போட்டது? ஏரோப்ளேன் ஓட்டவா?” என்றார்.

முன்னால் 16 பல், பின்னால் 38 பல். அவர் கேலியாகச் சொன்னது பாதி உண்மை. சோழவரம் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை தடம் வரும்வரை சென்னையின் பந்தயமெல்லாம் அங்கேதான். நீளமான கான்கிரீட் நேர்ப்பாதையில் த்ராட்டிலைத் திறந்து படுத்தால் படுத்தபடியே போகலாம். அங்கே 16/38 போட்ட பெரியவர் தப்பு செய்யவில்லை. தப்பு செய்தது அதே பல்லோடு செட்டிபாளையத்துக்கு வந்த நான்தான்.

“பின்னாடி நாலஞ்சு பல்லு ஏத்திப் போடுங்க. பிக்கப் பிச்சுக்கும்” என்றார் அண்ணன். இதைச் சொல்லாத மெக்கானிக் தமிழ்நாட்டிலேயே இல்லை. பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அது எனக்குப் புரிய மூன்று ஸ்பிராக்கெட் தேவைப்பட்டது.

முதலில் கணக்கு. கிராங்கிலிருந்து (இன்ஜினின் முக்கிய சுழல் தண்டு) பின்சக்கரம் வரை மூன்று இடங்களில் வேகம் குறைகிறது. கிராங்கிலிருந்து கிளட்சுக்கு 23 பல்லும் 66 பல்லும், அதாவது 2.87. கியர்பாக்ஸில் முதல் கியர் 2.571, இரண்டாவது 1.778, மூன்றாவது 1.318, நான்காவது 1.083, ஐந்தாவது 0.962, ஆறாவது 0.889. கடைசியில் செயின். இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது மொத்த விகிதம். 15/40 போட்டால் முதல் கியரில் 19.67, ஆறாவதில் 6.80. முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிராங்க் கிட்டத்தட்ட இருபது சுற்று சுற்றுகிறது.

டயர் சுற்றளவைப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, நான் மேலே உட்கார, மச்சான் பின்னாலிருந்து தள்ள, சக்கரம் மூன்று சுற்று போன தூரத்தை அளந்தோம். 5.88 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1.96. பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டருகே நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, “பெட்ரோல் போடலாமே” என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் எளிது. ஆர்பிஎம்மை 0.1176-ஆல் பெருக்கி மொத்த விகிதத்தால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 16/38-இல் ஆறாவது கியரின் விகிதம் 6.06. 6300-இல் 122 கிலோமீட்டர். ஐந்தாவதில் 7100-இல் 127. செல்போன் ஜிபிஎஸ் இரண்டிலும் மூன்று நான்கு கிலோமீட்டர் குறைத்துக் காட்டியது. கேபிளில் ஓடும் பழைய ஆர்பிஎம் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், டயரும் கொஞ்சம் வழுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிழை தடையில்லை.

இழுவையையும் இதே மாதிரி போடலாம். கிராங்கில் 30 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மொத்த விகிதத்தால் பெருக்கி, சக்கரத்தின் ஆரமான 0.312 மீட்டரால் வகுத்தால், முதல் கியரில் பின்டயர் தரையைத் தள்ளுவது ஏறக்குறைய 190 கிலோ எடைக்குச் சமம். ஆறாவதில் 67 கிலோதான். செயினிலும் கியரிலும் கொஞ்சம் வீணாவதை இங்கே விட்டுவிட்டேன். இன்ஜின் அதேதான், டார்க் அதேதான். மூன்று மடங்கு வித்தியாசத்தைத் தருவது பல் மட்டும். அண்ணன் சொன்ன பிக்கப் இதுதான்.

சரி, அப்படியானால் பின்னால் இருப்பதிலேயே பெரியதைப் போட்டால் முடிந்ததே?

பங்குனி வெயிலில் முதல் மாற்றம் 15/40. முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்ற இடது பக்க மூடியைத் திறக்க வேண்டும். இந்த வண்டியில் கிளட்சைத் தள்ளும் புழுத்திருகு அந்த மூடியிலேயே இருக்கிறது, அதனால் திரும்ப மாட்டும்போது கிளட்சையும் புதிதாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். நட்டின் பின்னால் மடக்கிவிட்ட லாக் வாஷரை உளியால் நிமிர்த்தி, ஒருவர் பின்பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் நீள பைப் போட்டுத் திருக, அது முனகிக்கொண்டே வரும். பழைய லாக் வாஷரை மறுபடி போடாதீர்கள். இரண்டாம் முறை மடக்கினால் அது உடையும்.

முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஒரு பல் மாதிரி இல்லை. 15-ஐ 14 ஆக்கினால் விகிதம் ஏழு சதவீதம் மாறும். பின்னால் 40-ஐ 41 ஆக்கினால் இரண்டரை சதவீதம்தான். முன்னால் போடுவது கோடாலி, பின்னால் போடுவது அரம். அதோடு, முன்பல் சிறிதாக ஆக ஆக செயின் கூர்மையாக வளைந்து சீக்கிரம் தேயும். அதனால் முன்னால் 15-ஐ நிலையாக வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் விளையாடுவது என்று முடிவு செய்தேன். பழைய நார்ட்டன் மேங்க்ஸ் மாதிரி பிரிட்டிஷ் பந்தய வண்டிகளில் இன்ஜினிலிருந்து கிளட்சுக்கும் செயின்தான். அங்கே இன்ஜின் ஸ்பிராக்கெட்டையும் மாற்றலாம். நமக்கு அங்கே கியர், கை வைக்க முடியாது.

15/40 போட்ட அன்றே சுற்றுக்கு ஒன்றரை வினாடி குறைந்தது. மச்சான் கையில் ஸ்டாப் வாட்ச், அதனால் முழுக்க நம்ப வேண்டாம். தடமும் எனக்கு அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. ஆனால் ஹேர்பினில் வந்த மாற்றத்துக்கு வாட்ச் தேவைப்படவில்லை. என் இன்ஜின் 6000-க்குக் கீழே தூங்கும். 6000-இல் கதவைத் திறந்த மாதிரி இழுக்கும், 8000-இல் உச்சம், 8800 தாண்டினால் வெறும் சத்தம். அந்த ஹேர்பினை நான் சுமார் 51 கிலோமீட்டரில் எடுக்கிறேன். 16/38-இல் இரண்டாவது கியரில் அது 5250 ஆர்பிஎம். அந்த ‘பூ...’ அங்கிருந்துதான் வந்தது. 15/40-இல் 5900. கதவுக்கு ஒரு படி முன்னால்.

ஆசை விடவில்லை. அடுத்து 43.

வண்டியை எடுத்ததுமே பிரச்சினை. முதல் கியரின் மொத்த விகிதம் 21-க்கு மேல் போய்விட்டது. கிளட்சை விட்டால் முன்சக்கரம் மேலே. ஆர்டி350 குட்டையான வண்டி, பின்பக்கம் எடை தூக்கலாக இருக்கும், இந்தக் குணத்துக்கே பெயர் போனது. முன்சக்கரம் எழும்பினால் த்ராட்டிலை மூட வேண்டும். மூடினால் டூ-ஸ்ட்ரோக் படுத்துவிடும். புறப்படும்போது இழுவைக்கு எல்லை வைப்பது இன்ஜின் இல்லை, வண்டியின் எடை உட்கார்ந்திருக்கும் இடம். அந்த எல்லைக்கு மேல் பல் ஏற்றி என்ன பயன்? 40-இல் பின்தங்காமல் கிளம்பிய நான் 43-இல் நண்பனின் ஆர்எக்ஸ் 100-க்குப் பின்னால் போனேன். அவன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இன்னொன்றும் உண்டு, பலர் யோசிக்காதது. இன்ஜின் வண்டியை மட்டும் முடுக்குவதில்லை, தன் கிராங்கையும் கிளட்சையும் சேர்த்தே முடுக்குகிறது. அந்தச் சுழலும் இரும்பு, வண்டியின் எடையில் மொத்த விகிதத்தின் வர்க்க அளவில் வந்து சேரும். 15/40-இல் முதல் கியரில் 19.67-இன் வர்க்கம் 387. ஆறாவதில் 6.80-இன் வர்க்கம் 46. ஒரே கிராங்க் முதல் கியரில் எட்டு மடங்குக்கு மேல் கனமாக நடந்துகொள்கிறது. ஆக, விகிதத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் முடுக்கம் முழுப் பத்து சதவீதம் ஏறாது, அதிலும் கீழ் கியர்களில்.

அன்றைக்கு முதல் வளைவிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. அதற்குக் காரணம் கணக்கு இல்லை. பின்பிரேக்கை மிதித்தேன், பெடல் கீழே இறங்கிக்கொண்டே போனது. அதே செயினில் பின்னால் ஒரு பல் கூட்டினால் ஆக்சில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் முன்னால் வரும், மூன்று பல்லுக்கு 12. பின்பிரேக் டிரம், இழுப்பது கம்பி. சக்கரம் முன்னால் வந்ததும் கம்பி தொளதொளத்துவிட்டது. செயினை அட்ஜஸ்ட் பண்ணிய நான் கம்பியை மறந்துவிட்டேன். முன்பிரேக் கை கொடுத்தது. அதிலிருந்து என் டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: பல் மாற்றினால் பிரேக் கம்பி, பிரேக் கம்பி, பிரேக் கம்பி.

ஹேர்பினில் 43 அருமை. 6340-இல் வெளியே வரும், வயிறு பின்னால் இழுபடும். ஆனால் தடத்தில் இன்னொரு இடத்தில் நிறைய இழந்தேன். நீளமாகத் திறந்துகொண்டே போகும் ஒரு வளைவு இருக்கிறது. வண்டி சாய்ந்தபடியே மூன்றாவது கியரில் வேகம் ஏறி, நிமிரும்போது எனக்கு 98, 99 வரும். 43-இல் மூன்றாவது கியர் 95-இலேயே 8800-ஐத் தொட்டுவிடுகிறது. முட்டி தரையை ஒட்டியிருக்க, இடது கால் விரலை லீவருக்குக் கீழே நுழைத்து கியர் மாற்ற வேண்டும். மாற்றினால் பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளும். மாற்றாமல் விட்டால் இன்ஜின் வீணாகக் கத்தும், இழுவை இருக்காது. இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டிலும் பயம்தான்.

அன்றிரவு பில் ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரே கியரில் ஒப்பிட்டால் பெரிய பல்தான் எப்போதும் ஜெயிக்கும். 80 கிலோமீட்டரில் மூன்றாவது கியர்: 40-இல் 6860 ஆர்பிஎம், 43-இல் 7380. இழுவையும் ஏழு சதவீதத்துக்கு மேல் கூட. ஆனால் 98 கிலோமீட்டரில் நிலவரம் தலைகீழ். 40 போட்ட வண்டி இன்னும் மூன்றாவதில், 8400-இல், 10.09 விகிதத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. 43 போட்ட வண்டிக்கு மூன்றாவது தீர்ந்து நான்காவது வந்தாகிவிட்டது, விகிதம் 8.91. இன்ஜின் 7400-இல். 8400-இல் டார்க் சற்று இறங்கியிருந்தாலும் 40-தான் பலமாகத் தள்ளுகிறது. ‘பிக்கப் பல்’ போட்ட வண்டிக்கு, 95-க்கும் 102-க்கும் இடையில் பிக்கப் குறைவு. என் வளைவு சரியாக அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது.

வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை, அந்தக் கணத்தில் இன்ஜின் தரும் திறனை வேகத்தால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். பல் சக்கரம் திறனைக் கூட்டாது. இன்ஜின் உச்சத்தில் இருக்கும் நேரம் எந்த வேகத்தில் விழ வேண்டும் என்பதை மட்டும் நகர்த்தும். ஒரு இடத்தில் ஏற்றினால் இன்னொரு இடத்தில் இறங்கும், தராசுத் தட்டு மாதிரி. எண்ணற்ற கியர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சுசூகி 1967-இல் ஆர்கே67 என்ற 50 சிசி பந்தய வண்டியில் 14 கியர் வைத்தது இதற்காகத்தான். அந்த இன்ஜினின் பலம் அவ்வளவு குறுகிய ஆர்பிஎம் இடைவெளியில் இருந்தது. பிறகு விதி வந்து ஆறு கியருக்கு மேல் கூடாது என்றாகிவிட்டது. அதிலும் நம் ஆறு கியரின் படிகள் சமமாக இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு 8800-இல் மாற்றினால் முள் 6090-க்கு விழும், கதவின் விளிம்புக்கு. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு 7230. ஐந்திலிருந்து ஆறுக்கு 8130, விழுந்ததே தெரியாது. மேலே படிகள் நெருக்கம், கீழே தாண்டித்தான் ஏற வேண்டும். ஹேர்பினில் முதல் கியருக்கு இறங்கலாமே என்று கேட்ட நண்பனுக்கு இதுதான் பதில்.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. 51 கிலோமீட்டரில் இரண்டாவது கியர் 6000-க்கு மேல் இருக்க வேண்டும். 99 வரை மூன்றாவது தாங்க வேண்டும். 40 முதல் நிபந்தனையில் தோற்கிறது. 42 இரண்டாவது நிபந்தனையில் தோற்கிறது, அதன் மூன்றாவது கியர் 97.7-இல் முடிகிறது. 41-இல் ஹேர்பின் 6047, மூன்றாவது கியர் 100 வரை. இரண்டு பக்கமும் நூல் இழையில் பாஸ்.

41 கடையில் கிடைக்கவில்லை. கோவையில் அது ஒரு பிரச்சினையா? 40 பல் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, இஎன்8 என்ற எஃகுத் தகட்டில் வயர் கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டுவது) செய்யச் சொன்னேன். வரைபடம் போட்ட பையன், “ஏன்ணா, 42 ரெடியா இருக்கே, ஒரு பல்லுல என்ன வந்துடப் போகுது?” என்றான். பில்லின் பின்பக்கத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, டீ வாங்கிவரப் போய்விட்டான். வந்த பல்லை முதலில் செயினில் சுற்றி, தொங்கும் இடம் இருக்கிறதா என்று கையால் பார்த்தேன், பிறகுதான் மாட்டினேன். போல்ட் ஓட்டைகள் ஒரு மயிரிழை தள்ளி இருந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் செயின் இறுகி இறுகித் தளரும். இருக்கவில்லை.

சித்திரையில் போனோம். ஹேர்பினில் 43 அளவுக்கு வயிறு இழுபடவில்லை. அந்த நீண்ட வளைவில் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் வேண்டியது. கால் ஓரிடத்தில், த்ராட்டில் ஓரிடத்தில், நிமிர்ந்து முடிந்ததும் நான்காவது. நேர்ப்பாதை முடிவில் ஐந்தாவதில் 8300, ஏறக்குறைய 130. ஆறாவது கியர் இந்தத் தடத்தில் சும்மா எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறது. யாராவது முன்னால் காற்றை வெட்டிக் கொடுத்தால் தவிர அதற்கு வேலை இல்லை. அதற்கும் வேலை கொடுக்கலாம் என்று இன்னும் பல் ஏற்றினால் மூன்றாவது கெட்டுவிடும். இரண்டும் சேர்ந்து வர கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும். அதற்குப் பணம் கேட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

மச்சானின் வாட்ச் கணக்குப்படி 43-ஐ விட சுற்றுக்கு முக்கால் வினாடி வேகம். அண்ணன் பிட்டில் நின்று பார்த்துவிட்டு, “நாஞ்சொன்ன மாதிரி பல்லு ஏத்துனதாலதானுங்க” என்றார். 38-இலிருந்து பார்த்தால் ஏற்றியதுதானே, மறுக்கவில்லை.

அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. அங்கே முழுத் தடம் 3.7 கிலோமீட்டர், வேகமான வளைவுகள் அதிகம். 39, 40 இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே மார்க்கரில் எண் எழுதி, பெட்டியில் வைத்தாகிவிட்டது. 39-இல் தொடங்குவேன். 16/38-ஐயும் தூக்கிப் போடவில்லை, பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.